சாப்பாட்டோடு ஒரு மாத்திரை

பினாங்கு விமான நிலையம்

பினாங்கில் வந்து இறங்குகிற எல்லோரும் கடல் பார்க்க வருவதில்லை. பெட்டிகள் சுற்றிவரும் இடத்தில் எங்களுக்குப் பக்கத்தில் நின்ற குடும்பத்தின் கையில் வெயில் தொப்பியோ கேமராவோ இல்லை. பெரிய பிளாஸ்டிக் உறை ஒன்று இருந்தது; அதற்குள் ஸ்கேன் படங்கள். நடுவில் சக்கர நாற்காலியில் ஓர் அம்மா, தலையில் பின்னல் குல்லாய். சுமத்ரா தீவின் மேடான் நகரத்துக்காரர்கள். மலாக்கா நீரிணையைத் தாண்டிவர விமானத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. பினாங்கின் தனியார் மருத்துவமனைகளுக்கு வரும் வெளிநாட்டு நோயாளிகளில் பெரும்பாலோர் இந்தோனேசியர்கள்தான்.

நான் வேலூர்க்காரி. அந்த உறையை எந்த நாட்டில் பார்த்தாலும் எனக்குத் தெரிந்துவிடும். காட்பாடி ரயிலடியில் விடிகாலையில் இறங்கும் வங்காளிகள், அசாமியர்கள், திரிபுராக்காரர்கள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வருவது அதைத்தான். பாபு ராவ் தெரு லாட்ஜ்களின் வாசலில் வங்க எழுத்தில் பலகை இருக்கும். உள்ளே அவர்களே பொங்கித் தின்ன மண்ணெண்ணெய் அடுப்பு வாடகைக்குக் கிடைத்த காலம் எனக்கு நினைவிருக்கிறது. 1900இல் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய வைத்தியம் எங்கள் ஊரை இப்படி ஒரு யாத்திரைத் தலமாக்கிவிட்டது. நோய்க்காகப் பயணம் செய்கிறவர்களைப் பார்த்தே வளர்ந்தவள் நான். நோயோடு பயணம் செய்கிறவளாக ஆவேன் என்று நினைத்ததில்லை.

எனக்கு இருப்பது நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய். ஒன்பதாவது குரோமோசோமில் ஒரு துண்டும் இருபத்திரண்டாவதில் ஒரு துண்டும் இடம் மாறி ஒட்டிக்கொண்டதால் வரும் வினை. அந்த விபரீதக் குரோமோசோமை 1960இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் கண்டுபிடித்தார்கள். ஊர்ப் பெயரே அதற்கும் நிலைத்தது. 2001இல் இமாட்டினிப் என்ற மாத்திரை வரும்வரை இந்த நோய் வந்தவர்களுக்குச் சில ஆண்டுகள்தான் கணக்கு. இப்போது தினமும் 400 மில்லிகிராம் விழுங்கிக்கொண்டு, பலர் மற்றவர்களைப் போலவே வயதாகி நரைத்துப் பேரன் பேத்தி எடுக்கிறார்கள். ஆனால் தினமும் விழுங்க வேண்டும். வெறும் வயிற்றில் கூடாது. சாப்பாட்டோடு, ஒரு பெரிய தம்ளர் தண்ணீரோடு. வெளிநாடு போனாலும் அதற்கு விடுமுறை கிடையாது.

சுங்கச் சோதனையில் என் கைப்பையைத் திறக்கச் சொன்னார்கள். போதைப்பொருள் கடத்தினால் தூக்கு வரைக்கும் போகக்கூடிய நாடு இது. மாத்திரைகளைக் கடையில் தந்த அட்டையோடு அப்படியே வைத்திருந்தேன். கூடவே என் மருத்துவர் எழுதிக் கொடுத்த ஒரு பக்கக் கடிதம். நோயின் பெயர், மருந்தின் வேதிப் பெயர், அளவு, கடைசி ரத்தப் பரிசோதனை, எந்தெந்த மருந்தை இவளுக்குக் கொடுக்கக் கூடாது என்ற பட்டியல், அவருடைய தொலைபேசி எண். அதிகாரி கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "நல்லா சாப்பிடுங்க, பினாங்குல சாப்பாடு ருசியா இருக்கும்" என்று ஆங்கிலத்தில் சொல்லி அனுப்பினார். மீதி மாத்திரைகள் என்னோடு வந்த அக்காவின் கைப்பையில். ஒரு பை தொலைந்தாலும் இன்னொன்று இருக்கும் என்பது அந்தப் பங்கீட்டின் நியாயம். பெட்டியில் ஒன்றுகூட இல்லை.

ஜார்ஜ் டவுன்

மலேசியக் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. வேலூரில் எட்டு மணிக்கு இரவுச் சாப்பாடு, அதோடு மாத்திரை. இங்கே அது பத்தரை. "ஒன்றிரண்டு மணி நேரம் முன்பின் ஆனால் குடி முழுகாது, சாப்பாட்டை மட்டும் விடாதே, ஒரு நாள் தவறினால் மறுநாள் இரண்டாகப் போடாதே" என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஒன்பது மணி என்று வைத்துக்கொண்டோம். அந்த ஒன்பது மணி எங்களை ஒவ்வொரு இரவும் ஏதாவது ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார வைத்தது.

முதல் இரவு நாசி கந்தார் கடை. தமிழ் முஸ்லிம்கள் இந்தத் தீவுக்குக் கொண்டுவந்து சேர்த்த சாப்பாடு. ஒரு காலத்தில் காவடித் தண்டின் இரு பக்கமும் சோறும் குழம்புமாகத் தூக்கிக்கொண்டு துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்றார்களாம். சோற்றின் மேல் மீன் குழம்பு, அதன் மேல் கோழிக் குழம்பு, அதன் மேல் கறிக் குழம்பு என்று மூன்றையும் கலந்து ஊற்றுகிறார்கள். நம் ஊரில் யாராவது அப்படிச் செய்தால் சண்டை வந்துவிடும். கரண்டி பிடித்த பெரியவர் ராமநாதபுரத்துத் தமிழில் கேட்டார்: "தங்கச்சி, வெண்டைக்காய் வைக்கவா?" வைத்தார். வீட்டில் இரண்டு இட்லிக்கு மேல் இறங்காத எனக்கு அன்று தட்டு காலியானது. அக்கா என் தட்டைப் பார்த்தாள், மாத்திரையை எடுத்துக் கொடுத்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

ஜார்ஜ் டவுனை 2008இல் மலாக்காவோடு சேர்த்து உலக மரபுச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தது. அதன் பழைய தெருக்களில் கால் போன போக்கில் நடந்தால் மதம் மாறிக்கொண்டே இருக்கும். குவீன் தெருவில் 1833இல் எழுந்த மாரியம்மன் கோயில். கொஞ்ச தூரத்தில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். இன்னும் சற்றுத் தள்ளி கருணைத் தேவிக்குச் சீனர்கள் ஊதுபத்தி கட்டுக்கட்டாய்க் கொளுத்தும் கோயில். அந்தப் புகையில் நான் மட்டும் முகக்கவசம் போட்டிருந்தேன். கூட்டத்துக்குள் போகும்போது போட்டுக்கொள்வது பழக்கம். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. முகக்கவசத்தில் இந்த ஊருக்குப் பெருமைகூட உண்டு. 1879இல் இங்கே பிறந்த வூ லியன் தே என்ற மருத்துவர்தான், 1910-11 மஞ்சூரியா பிளேக் காற்று வழியாகப் பரவுகிறது என்று கண்டு, துணியும் பஞ்சும் அடுக்கிய கவசத்தை எல்லோரும் அணிய வேண்டும் என்று வற்புறுத்தியவர். 1960இல் இந்த ஊரிலேயே கண்மூடினார். என் நோயின் குரோமோசோமைக் கண்டுபிடித்த அதே ஆண்டு.

வேலூரில் நான் முகக்கவசம் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போக முடியாது. "என்ன ஆச்சு?" என்று கேட்பார்கள். அக்காவிடம் அதற்குப் பதில் இல்லை. எங்கள் சொந்தக்காரர்களுக்கு என் நோய் "ரத்தம் கொஞ்சம் கம்மி". அதன்படி பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை, பப்பாளி இலைச் சாறு என்று வீட்டுக்கு வந்து சேரும். எதை எந்த மருந்தோடு சேர்க்கலாம் என்று யாருக்குத் தெரியும்? சாற்றைத் தொட்டிச் செடிக்கு ஊற்றிவிட்டு, தெம்பாக இருப்பதாகச் சொல்வேன். இந்தப் பயணத்தையும் அக்கா காசி யாத்திரை என்றுதான் சொல்லிவைத்திருந்தாள். உடம்புக்கு முடியாதவள் கோயிலுக்குப் போனால் பக்தி. கடல் தாண்டி ஊர் சுற்றினால் கொழுப்பு. சின்னம்மா காசிக் கயிறும் ஒரு சொம்பு கங்கா தீர்த்தமும் கேட்டிருந்தார்.

புலாவ் திக்குஸ்

மருத்துவமனைகள் அதிகமுள்ள பகுதியில் இந்தக் காலைச் சந்தை இருக்கிறது. மீன் வாடைக்கு நடுவே தேங்காய்ப்பால் ஆப்பம் சுடும் மணம். பெஞ்சில் இடம் பிடித்து உட்கார்ந்தபோது எதிரே முப்பது வயதுப் பெண் ஒருத்தி எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, "தமிழ் ஆளா?" என்றாள். மேடானில் பிறந்தவள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் டெலி புகையிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழர்களின் வம்சம். அவர்கள் ஊரிலும் 1884இல் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. அவளுடைய தமிழில் பாதி இந்தோனேசியம் கலந்திருந்தது, ஆனால் கேள்வி நேராக வந்தது.

"அம்மாவுக்கு மார்புல கேன்சர். நாலாவது கீமோ இன்னிக்கி. அக்காவுக்கு எங்க?"

எந்த ஊர் என்று கேட்பதுபோல் கேட்டாள். என் அக்கா ஆப்பத்தை மெல்லாமல் நிறுத்திவிட்டாள். நான் சொன்னேன். அவள் தலையாட்டினாள், என்ன மருந்து, வாந்தி வருமா, கால் இழுக்குமா என்று அடுக்கினாள். ராத்திரியில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும், காலையில் கண்ணிமை வீங்கும் என்றேன். தன் கைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் காட்டினாள். அம்மாவின் உடல் சூடு, எடை, எத்தனை கவளம் சாப்பிட்டார், எப்போது மலம் போனார் எல்லாம் தேதிவாரியாக. மூன்று வாரத்துக்கு ஒரு முறை வருகிறார்கள். மருந்து ஏறிய பிறகு இங்கேயே தங்கி ஓய்வு, பிறகு விமானம். விமானத்தில் காலில் இறுக்கமான உறை. ரத்தம் உறையாமலிருக்க இடையில் எழுந்து நடக்க வேண்டும். வீடு திரும்பிய அடுத்த வாரம்தான் வெள்ளணுக்கள் தரைதட்டும். அந்த நாட்களில் கல்யாணம், சாவு, கோயில் திருவிழா எதற்கும் அம்மா போவதில்லை. மேடானிலேயே ரத்தம் பரிசோதித்து, முடிவைப் படம் எடுத்துப் பினாங்கு மருத்துவருக்கு அனுப்புகிறாள். எண்கள் தேறினால் அடுத்த டிக்கெட்.

என் மாத்திரையின் விலையைக் கேட்டாள். அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது என்றேன். மருந்தைக் கண்டுபிடித்த நோவார்ட்டிஸ் நிறுவனம் இந்தியாவில் காப்புரிமை கேட்டது. 2006இல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் மறுத்தது. வழக்கு டெல்லிவரை போய், 2013 ஏப்ரல் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டது. பழைய பொருளின் புது வடிவத்துக்கு, பலன் கூடுகிறது என்று காட்டாவிட்டால், புதுக் காப்புரிமை கிடையாது என்பது சாரம். நிறுவனத்தின் மருந்து அன்று மாதத்துக்குச் சுமார் 1.2 லட்சம் ரூபாய். இந்தியக் கம்பெனிகள் தயாரித்தது பத்தாயிரத்துக்குள். இப்போது அதைவிடவும் குறைவு. ஓய்வுபெற்ற பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி இந்த நோயை வைத்துக்கொண்டு கடல் தாண்டி ஆப்பம் சாப்பிட முடிகிறது என்றால் அந்தத் தீர்ப்பும் அதற்குக் காரணம். அவள் விலையை இந்தோனேசிய ரூப்பியாவுக்கு மாற்றிக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். மறுபடியும் போட்டுப் பார்த்தாள். பிறகு நேரமாகிவிட்டது என்று அம்மாவுக்கு ஓர் ஆப்பம் பொட்டலம் கட்டிக்கொண்டு ஓடினாள்.

"பட்டுனு கேட்டுட்டாளே" என்றாள் அக்கா, வெகுநேரம் கழித்து.

தைப்பிங்

படகில் பட்டர்வொர்த் வந்து ரயில் ஏறினோம். புக்கிட் மேரா ஏரியை ரயில் பாதை நடுவாகவே கடக்கிறது. இருபக்க ஜன்னலிலும் தண்ணீர். இறங்கினால் தைப்பிங். மலாயாவின் முதல் ரயில் 1885இல் இந்த ஊரிலிருந்துதான் துறைமுகத்துக்கு ஓடியது. ஏற்றிப் போனது ஈயம்.

ஈயம் தோண்டிய குழிகளைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே ஏரிகளாகவும் பூங்காவாகவும் மாற்றிவிட்டார்கள். கரையோரத் தூங்குமூஞ்சி மரங்கள் சாலையைத் தாண்டிக் கிளை நீட்டித் தண்ணீரைத் தொடுகின்றன. என் மாத்திரை தோலுக்கு வெயில் ஆகாமல் செய்துவிடும். ஆகவே விடிந்ததும் நடந்துவிட்டு வெயில் ஏறுமுன் அறைக்குத் திரும்புவது ஏற்பாடு. அதனால் ஏரியின் நல்ல நேரம் எங்களுக்குக் கிடைத்தது. நடைப்பயிற்சிக்கு வந்த சீனத் தாத்தாக்கள், தாய்ச்சி செய்யும் பாட்டிகள், மூன்று மொழியில் "காலை வணக்கம்" சொல்லும் தபால்காரர். மத்தியானம் தவறாமல் மழை. மலேசியாவில் அதிகம் மழை பெய்யும் ஊர்களில் ஒன்று.

பாலாற்றங்கரையில் பிறந்தவளுக்கு இது பொறாமைப்பட வேண்டிய இடம். எங்கள் ஆற்றில் வெள்ளம் வந்தால் ஊரே பாலத்தின் மேல் நின்று வேடிக்கை பார்க்கும். மற்ற நாட்களில் மணல்தான், ஆம்பூர் வாணியம்பாடிப் பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவும்தான். தோண்டிக் கெடுத்த மண்ணைத் திருத்தவும் முடியும் என்பதை ஒரு ஊர் நூறாண்டுக்கு முன்பே செய்து காட்டியிருக்கிறது. குடையை மடக்கிக்கொண்டு அக்காவிடம் அதைச் சொன்னேன். "மொதல்ல செருப்பைக் கழட்டி காலைத் துடை, சளி பிடிக்கப்போகுது" என்றாள்.

ஈப்போ

பிடித்தது. ஈப்போ வந்த அன்று மாலையே தொண்டை கரகரத்தது. அவித்த கோழியும் முளைப்பயறும் இந்த ஊரின் பெருமை. சுண்ணாம்பு மலையிலிருந்து வரும் தண்ணீரில் முளைத்ததால் பயறு அவ்வளவு கொழுகொழு என்கிறார்கள். எனக்கு அன்று ருசி தெரியவில்லை. மாத்திரைக்காகச் சோற்றை உள்ளே தள்ளினேன். இரவு பதினொன்றுக்கு உடம்பு கொதித்தது. தெர்மாமீட்டர் 38.2 காட்டியது.

சாதாரண ஆளுக்கு அது ஒரு குரோசினோடு முடியும் விஷயம். எனக்குக் கொடுத்திருக்கும் விதி வேறு: 38ஐத் தாண்டினால் காத்திருக்காதே, தானாக எதையும் விழுங்காதே, யாராவது ஒரு மருத்துவர் கண்ணில் படு. இந்த நாட்டில் தெருவுக்குத் தெரு "24 ஜாம்" என்று பலகை போட்ட கிளினிக்குகள் உண்டு, இரவெல்லாம் திறந்திருக்கும். அக்கா வாடகைக் காரில் ஏறியதிலிருந்து கந்த சஷ்டிக் கவசத்தை உதடு அசையாமல் சொல்லிக்கொண்டே வந்தாள்.

தலையில் துடுங் என்ற முக்காடு அணிந்த இளம் மலாய் மருத்துவர். தொண்டையைப் பார்த்தார், நெஞ்சைக் கேட்டார், கணினியில் மருந்து எழுதத் தொடங்கினார். நான் கடிதத்தை நீட்டினேன். படித்தவர் கையை எடுத்து, எழுதியதை அழித்தார். "முதலில் கிளாரித்ரோமைசின் எழுதினேன். அது உங்கள் மாத்திரையின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும்" என்றார். ரத்தம் எடுத்துப் பார்த்தார். வெள்ளணுக்கள் போதுமான அளவில் இருந்தன. பிறகுதான் அமாக்ஸிசிலின் தந்தார். பாரசிட்டமாலைக்கூட, இமாட்டினிப் கல்லீரலுக்கு ஏற்கெனவே வேலை வைத்திருக்கிறது என்று சொல்லி அளந்து தந்தார். மறுநாளும் சுரம் நீடித்தால் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்றார். வாசல்வரை வந்து அக்காவின் கையைப் பிடித்து, "தைரியமாக இருங்கள், அம்மா" என்றார். அக்கா அழுதுவிட்டாள். சுரம் எனக்கு, ஆறுதல் அக்காவுக்கு. பல நாள் பாக்கி அது.

சுரம் விட்டது. அடுத்த நாள் முழுக்க ஜன்னலோரம் படுத்து, எதிரே தெரிந்த ரயில் நிலையத்தின் வெள்ளைக் குவிமாடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹப்பாக் என்ற ஆங்கிலேயர் வடிவமைத்து 1917இல் முடித்த கட்டடம். அக்கா மட்டும் கீழே இறங்கி வெள்ளைக் காப்பி குடித்துவிட்டு வந்து, மார்ஜரினில் வறுத்த கொட்டையாம், நம் கும்பகோணம் டிகிரி காப்பிக்கு உறை போடக் காணாது என்று தீர்ப்பு சொன்னாள்.

உடம்பு தேறியதும் தம்பூன் போனோம். ஈப்போவின் ஓரத்தில் சுண்ணாம்புக் குன்றுகளின் அடியில் வரிசையாகப் பம்ப்ளிமாஸ் கடைகள். சிவப்புக் கயிற்றில் தலையளவு பழங்கள் தொங்குகின்றன. சீனப் புத்தாண்டுக்கு இந்தப் பழம் இல்லாத வீடில்லையாம். கடைக்காரம்மா உரித்து முத்து முத்தாகச் சுளையை நீட்டினார். நான் கை கூப்பி மறுத்தேன். கிரேப்ஃப்ரூட் என்ற பழம் என் பட்டியலில் முதல் எதிரி. அது பம்ப்ளிமாஸும் சாத்துக்குடி இனமும் கலந்து பிறந்த பிள்ளை. குடலில் மருந்தை உடைக்கும் ஒரு நொதியை இந்தப் பழங்கள் முடக்கிவிடும். ஒரு தடவை தின்றால் விளைவு ஒரு நாளைத் தாண்டியும் நிற்கும். கடைக்காரம்மாவுக்கு என் ஆங்கிலம் எட்டவில்லை. மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டிப் பழத்தைக் காட்டிக் கையை ஆட்டினேன். "ஆ!" என்று தன் நெஞ்சைத் தட்டினார், அவருக்கு ரத்தக் கொழுப்புக்கு மாத்திரையாம், அவரும் தொடுவதில்லையாம். நாள் முழுக்க விற்கும் பழத்தை அவர் தின்றே நாளாகிவிட்டது. எங்கள் இருவருக்கும் சேர்த்து அக்கா தின்றாள்.

பத்து காஜா

ஈப்போவிலிருந்து கொஞ்ச தூரத்தில் பாதியில் நின்றுபோன ஒரு மாளிகை. வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர், ரப்பரிலும் ஈயத்திலும் சேர்த்த பணத்தைக் கொண்டு 1915இல் தொடங்கியது. கட்ட வந்தவர்கள் சென்னை ராஜதானியிலிருந்து வந்த தமிழர்கள். நடுவில் கொள்ளை நோய் புகுந்து பல பேரை வாரிக்கொண்டு போனது. மிஞ்சியவர்கள் மாரியம்மனுக்குக் கோயில் கட்டித் தரச் சொல்லிக் கேட்டார்கள். துரை கட்டிக் கொடுத்தார். அந்தக் கோயிலின் கூரைமேல் சாமி சிலைகளுக்கு நடுவே, கோட்டுப் போட்ட துரையையும் நிறுத்திவைத்துவிட்டார்கள் நம்மவர்கள். அவரோ 1926இல் லிஸ்பனில் நிமோனியாவில் இறந்தார். மாளிகை அப்படியே நின்றுவிட்டது. கோயிலில் இன்றும் விளக்கு எரிகிறது.

செங்கல் பெயர்ந்த தாழ்வாரத்தில் நின்றபோது அந்தத் தொழிலாளிகளைத்தான் நினைத்துக்கொண்டேன். திரும்பிப் போக முடியாத தூரத்தில், பேர் தெரியாத சுரத்தோடு, மருந்தில்லாமல் கிடந்தவர்கள். நான் தங்கும் அறையிலிருந்து கால் மணி நேரத்தில் மருத்துவர், பையில் மாத்திரை, அதை எழுதித் தந்த கடிதம். இதை அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட்டால் கணக்கு தப்பாகிவிடும். ஆராய்ச்சி செய்தவர்கள், வழக்குப் போட்டவர்கள், இரவில் கிளினிக் திறந்து வைத்தவர்கள் என்று நிறைய பேரின் உழைப்பு.

கேமரன் மலை

1885இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் கண்டு சொன்ன மலை. மேலே ஏற ஏறக் காற்று ஏற்காடு மாதிரி குளிர்ந்தது, வயிறு புரண்டது. வளைவுக்கு வளைவு குமட்டல். தானா ராத்தாவில் ஒரு கடை வாசலில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி உட்கார்ந்துவிட்டேன். கீழே பள்ளத்தாக்கு முழுக்கத் தேயிலை, சீப்பால் வாரிவிட்டதுபோல. 1929இல் போ கம்பெனி தொடங்கிய தோட்டங்களில் இலை பறித்து மலையைப் பச்சையாக்கியவர்கள் தமிழர்கள். இன்று பறிக்கிறவர்களில் பெரும்பாலோர் வங்கதேசத்தவரும் நேபாளிகளும் இந்தோனேசியர்களும்.

அவித்த சோளம் விற்றுக்கொண்டிருந்த பாட்டி வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தார். முன்பு கொழுந்து பறித்தவராம், பிள்ளைகள் கோலாலம்பூரில்.

"பசியாறியாச்சா? மலை ஒத்துக்கலையா, இல்ல வேற சீக்கா?"

வேறு சீக்குதான் என்றேன். ரத்தப் புற்றுநோய் என்றேன். அதுவரை தமிழில், ஒரு தமிழ்ப் பாட்டியிடம் அந்த வார்த்தையை நான் சொன்னதில்லை. அவர் முகம் மாறவில்லை.

"என் தங்கச்சிக்கும் ஒரு கேன்சர் வந்திச்சி. ஈப்போ பெரியாஸ்பத்திரி மருந்து. பேரப்பிள்ளை கல்யாணம் பார்த்துட்டா. சோளம் சூடா இருக்கு, சாப்ட்டுட்டு மாத்திரையைப் போடு."

"மாத்திரை ராத்திரிக்குத்தான் பாட்டி."

"அப்போ சோளத்தை இப்போ சாப்பிடு. மூணு வெள்ளி."

அக்கா காசு கொடுத்தாள். வீட்டில் நோய்க்கு நாள் முழுவதையும் கொடுத்துவந்தோம்: மறைக்க, சமாளிக்க, விசாரிப்பவர்களை வழியனுப்ப. இங்கே அது கேட்டது ராத்திரி ஒன்பது மணியில் பத்து நிமிஷம். சுரம் வந்தபோது ஒரு ராத்திரி. அதை ஒழுங்காகக் கொடுத்துவிட்டதால் மற்ற நேரம் எங்களுடையதாக இருந்தது. இதை நான் அக்காவிடம் சொல்லவில்லை. சொல்லத் தேவைப்படவில்லை என்பது கொஞ்ச நேரத்தில் தெரிந்தது.

தேயிலைத் தோட்டத்துக் கடையில் டீ வரும்வரை உட்கார்ந்திருந்தபோது சின்னம்மாவின் அழைப்பு வந்தது. காசியில் குளிரா, கங்கையில் குளித்தாயிற்றா என்று கேட்பது எனக்கே கேட்டது. அக்கா பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு சற்று நேரம் சும்மா இருந்தாள். பிறகு, மளிகைச் சாமான் பட்டியல் சொல்கிற குரலில் சொன்னாள்:

"நாங்க காசியில இல்ல சின்னம்மா. மலேசியாவுல இருக்கோம். பாப்பாவுக்கு ரத்தம் கம்மி இல்ல, ரத்தப் புற்றுநோய். தினம் மாத்திரை சாப்பிடுறா. நல்லா இருக்கா. இப்பத்தான் ஒரு சோளம் முழுசாத் தின்னா."

மறுமுனையில் சத்தம் இல்லை. நான் கோப்பையைக் கீழே வைத்தேன். போனை அக்கா ஒலிபெருக்கியில் போட்டாள்.

"மலேசியாவா?" என்றார் சின்னம்மா. "எந்த மருந்தா இருந்தாலும் வேளை தப்பாம சாப்பிடச் சொல்லு அவளை. அப்புறம் இங்க பாரு, அங்க கோடாலித் தைலம் ஒரிஜினல் கிடைக்குமாமே. காசிக் கயிறு வேணாம். நாலு பாட்டில் வாங்கிக்கிட்டு வா, முட்டிவலி உயிர் போவுது."